சேற்றுப்புண்ணுக்கு நீலகிரி தைலம் எவ்வளவு எடுபடும்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கே போனாலும் கடை வாசலிலேயே நீலகிரி தைலம் அடுக்கியிருக்கும். சளிக்கும் உடம்பு வலிக்கும் அருமையான சரக்கு. சேற்றுப்புண்ணுக்கு மட்டும் என்றால், அந்தக் காசுக்கு மெடிக்கலில் பூஞ்சையைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் 1% க்ரீம் வாங்குவதுதான் சரி, சேற்றுப்புண்ணுக்குக் காரணமே பூஞ்சைதான்.

தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற வேதிப்பொருள். அது பூஞ்சையை ஓரளவு அடக்கும், அரிப்பும் தணியும். ஆனால் விரலிடுக்கில் வெடித்திருக்கும் தோலில் தனித்தைலம் பட்டால் எரிந்து கொப்பளித்துவிடும். பூசியே தீரவேண்டும் என்றால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு போதும், அதுவும் தோல் பிளக்காத இடத்தில் மட்டும். வாங்கும்போது ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். நல்ல தைலம் ஆவியாகிவிடும். பிசுக்குக் கறை தங்கினால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. குழந்தை கைக்கு எட்டவே கூடாது, விழுங்கினால் வலிப்பு வரக்கூடும்.

வீட்டு வைத்தியத்தில் மருதாணிப் பச்சிலை இதைவிடத் தேவலை. அரைத்து இடுக்கில் வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. தலைமுடிக்கான கருப்பு மருதாணிப் பொடியைத் தொடாதீர்கள். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, மேலே சாக்ஸ் மாட்டினால் இடுக்கு இன்னும் ஊறும்.

எதைப் பூசினாலும் ஈரக்காலில் பூசினால் வீண். ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் நாள் முழுக்க கம்பூட்டுக்குள் கால் ஊறுகிறது. பூஞ்சைக்கு அதுதான் தீனி. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, தனித் துணியால் இடுக்கெல்லாம் ஒற்றுங்கள், முக்கியமாக சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே. பத்து நிமிடம் காற்றாட விட்டு, புண்ணின் ஓரத்தைத் தாண்டியும் க்ரீமை மெல்லிசாகத் தடவுங்கள். காலை, இரவு என நான்கு வாரம். ஒரே வாரத்தில் அரிப்பு நின்றதும் பலர் விட்டுவிடுகிறார்கள், அடுத்த மழைக்குள் திரும்ப வந்துவிடுகிறது. கம்பூட்டுக்குள் இரவு செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போடலாம். வெயில் இல்லாத நாளில் சாக்ஸை இஸ்திரி போட்டே காயவைக்க வேண்டும்.

ட்யூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை ஸ்டீராய்டு. சிவப்பு மறையும், பூஞ்சை அடியில் பரவும். சர்க்கரை நோயாளிகள், சீழோ வீக்கமோ உள்ளவர்கள், நகம் மஞ்சளாகித் தடித்தவர்கள் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக டாக்டரிடம் காட்ட வேண்டும்.