டைசனா, ஹோலிஃபீல்டா: யாரை வென்றார்கள், எந்த நிலையில் வென்றார்கள்?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்துச் சலூன்களில் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் படத்தைக் காணலாம். இவாண்டர் ஹோலிஃபீல்டின் படத்தை நான் எங்குமே கண்டதில்லை. இருவரும் இரண்டு தடவை மோதினார்கள், இரண்டிலும் வென்றவர் ஹோலிஃபீல்ட் என்று சொல்லிப் பாருங்கள். "அது காதைக் கடித்த கதைதானே அண்ணை" என்று சிரித்துவிட்டுக் கதிரையில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தது இரண்டாவது சண்டையில். முதலாவதில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது.

வராததில் வியப்பில்லை. அந்த முதற் சண்டை நடந்தது 1996 நவம்பர் 9 அன்று. கிளிநொச்சி நகரம் சில வாரங்களுக்கு முன்னர்தான் இராணுவத்தின் கைக்குப் போயிருந்தது. வன்னியில் மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடும் பற்றரியே தடை செய்யப்பட்ட பொருள்; சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட காலம் அது. 1997 ஜூன் 28 அன்று இரண்டாவது சண்டை நடந்தபோது வன்னி மீதான ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கி ஆறு வாரங்கள் கடந்திருந்தன. லாஸ் வேகாஸில் யார் யாரைக் குத்தினார்கள் என்று கேட்க இங்கே யாருக்கு நேரம்? 2002 இல் பாதை திறந்த பிறகு இறுவட்டுகளிலும், பின்னர் கைப்பேசிகளிலும்தான் இந்தச் சண்டைகள் நம்மிடம் வந்தன. அவையும் துண்டு துண்டாக. துண்டுக் காணொளிக்கு டைசனைப் போல வாய்ப்பானவர் வேறு யாருமில்லை: மைக்கல் ஸ்பிங்ஸை அவர் முடிக்க 91 வினாடிகள் போதுமாயிருந்தன. ஹோலிஃபீல்டின் பெரிய இரவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் பன்னிரண்டு சுற்றும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் டைசன். 1986 நவம்பரில் ட்ரெவர் பேர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 20. அவ்வளவு இளவயதில் ஹெவிவெயிட் எனும் அதிகூடிய எடைப் பிரிவின் பட்டத்தைப் பிடித்தவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்போது பட்டம் மூன்று அமைப்புகளிடம் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. 1987 மார்ச்சில் ஜேம்ஸ் ஸ்மித்தையும் ஓகஸ்டில் டோனி டக்கரையும் புள்ளிகளால் வென்று, ஒன்பது மாதத்துக்குள் மூன்றையும் சேர்த்துவிட்டார். இடையில் பிங்க்ளன் தோமஸ் ஆறாம் சுற்றில் சாய்ந்தார். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டைரல் பிக்ஸ் ஏழாம் சுற்றில். 1988 ஜனவரியில் லரி ஹோம்ஸ் நான்காம் சுற்றில். ஜூனில் ஸ்பிங்ஸ்.

இந்தப் பட்டியலைக் குறைத்துப் பேசுகிறவர்கள், எண்பதுகளின் ஹெவிவெயிட் தலைமுறையில் பலர் போதைப்பொருளாலும் பயிற்சியில் காட்டிய அலட்சியத்தாலும் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டவர்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது டைசனின் குற்றமல்ல. பட்டம் யாரிடம் இருந்ததோ அவரிடம் போய் வாங்கினார். எனக்கு உறுத்துவது வேறு. இரணைமடுவின் கீழ் வயல் செய்கிறவர் ஏக்கருக்கு இத்தனை மூட்டை எடுத்தேன் என்றால், காலபோகமா சிறுபோகமா, குளத்தில் அந்த வருடம் தண்ணீர் எவ்வளவு என்று கேட்காமல் நாம் விடுவதில்லை. ஹோம்ஸை வென்றார் என்றால் எந்த ஹோம்ஸை? 38 வயதான, ஏறக்குறைய இரண்டு வருடங்கள் கோதாவில் ஏறாத ஹோம்ஸை. ஸ்பிங்ஸ் 31 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காதவர், ஹோம்ஸை இரு தடவை வென்றவர்; ஆனால் கீழ் எடைப் பிரிவிலிருந்து உடலை ஏற்றிக்கொண்டு வந்தவர். அந்த 91 வினாடிகளுக்குப் பிறகு அவர் சண்டையே போடவில்லை.

ஹோலிஃபீல்டின் கணக்கிலும் தண்ணீர் கலந்த பகுதி உண்டு. டோக்கியோவில் டைசனை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸை 1990 ஒக்டோபரில் மூன்றாம் சுற்றில் நொக் அவுட் செய்துதான் அவர் பட்டத்தைப் பிடித்தார். டைசனுக்கு எதிரே நின்ற டக்ளஸின் எடை 231½ இறாத்தல். எட்டு மாதம் கழித்து ஹோலிஃபீல்டுக்கு எதிரே நின்றவரின் எடை 246. ஆள் ஒருவர்தான், சண்டைக்கு வந்த உடல் வேறு. அதன் பிறகு 42 வயது ஜோர்ஜ் போர்மன், 42 வயது ஹோம்ஸ், இடையில் மாற்று ஆளாக வந்த பேர்ட் கூப்பர். அந்தக் கூப்பரே ஹோலிஃபீல்டைக் கயிற்றில் சாயவைத்து, நடுவர் எட்டு எண்ணும்படி செய்தார். சம்பியனாக அவருடைய முதல் இரண்டு வருடங்களை மட்டும் எடுத்தால் டைசனின் 1987க்குக் கிட்டவும் வராது.

பிறகு ரிடிக் போவ் வந்தார். 1992 நவம்பர்: 25 வயது, தோல்வியே அறியாதவர், ஹோலிஃபீல்டைவிட 30 இறாத்தல் கூடியவர். பத்தாம் சுற்றின் தொடக்கத்தில் போவ் அடித்த அடியில் ஹோலிஃபீல்ட் விழாமல் நின்றதே பெரிது; அதே சுற்றின் முடிவில் அவர் போவைத் துரத்திக்கொண்டிருந்தார். அன்று தோற்றார். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து வென்றார். போவ் தன் தொழில்முறை வாழ்வில் தோற்ற ஒரே சண்டை அது. இளமையும் பலமும் குறையாத, தன்னைவிடப் பெரிய ஒருவரை வென்றது என்று காட்ட டைசனின் முழுப் பட்டியலிலும் இதற்கு ஈடாக ஒன்றை நான் காணவில்லை. மூன்றாவது சண்டையில் போவே ஹோலிஃபீல்டை நிறுத்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருவருக்கும் பொதுவான எதிராளிகளை வைத்துப் பார்த்தால் கதை தலைகீழாகும். ஹோம்ஸுக்கு டைசன் எடுத்துக்கொண்டது நான்கு சுற்று. ஹோலிஃபீல்டுக்குப் பன்னிரண்டு சுற்றும் தேவைப்பட்டது. அலெக்ஸ் ஸ்டுவர்ட்டை டைசன் முதற் சுற்றிலேயே முடித்தார். ஹோலிஃபீல்டுக்கு எட்டுச் சுற்று சென்றது, மறுதடவை புள்ளிகளில்தான் வென்றார். தோமஸிடமும் டைசனே சற்று வேகமானவர். இந்தக் கணக்கை நம்பியவர்கள்தான் 1996 இல் டைசனின் மேல் பணம் கட்டினார்கள். பந்தயம் தொடங்கியபோது ஹோலிஃபீல்டுக்கு இருந்த வாய்ப்பு 25க்கு 1. ஆறாம் சுற்றில் டைசன் விழுந்தார். பதினோராம் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார்.

"சிறைக்குப் போய் வந்த டைசன் பாதி டைசன்" என்பது இதற்கு இங்கே கிடைக்கும் வழக்கமான பதில். தலையால் முட்டினார் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். முட்டல்கள் நடந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் பாதி டைசன் என்ற பேச்சைச் சண்டைக்கு முன்னர் எவரும் பேசவில்லை. அன்று அவருக்கு வயது 30, கையில் பட்டம் இருந்தது. ஹோலிஃபீல்டுக்கு வயது 34; ஒரு வருடத்துக்கு முன் போவிடம் அடிவாங்கி நின்றவர், முடிந்துபோனவர் என்று எழுதப்பட்டவர். நிலைமையைக் கணக்கில் எடுப்பதென்றால் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். 1991 நவம்பரில் இருவரும் மோதுவதாகவே இருந்தது. டைசனின் விலா எலும்புக் காயத்தால் அது நின்றுபோனது. அன்று யார் வென்றிருப்பார் என்று விடியவிடியப் பேசலாம். நடந்த சண்டைகளை வைத்துத்தான் நான் பேசுகிறேன்.

தோல்விகளை எண்ணுகிறவர்களுக்கும் ஒரு சொல். டைசன் 2005 இல் ஒதுங்கியபோது 50 வெற்றி, 6 தோல்வி. ஹோலிஃபீல்ட் 44 வெற்றி, 10 தோல்வி, 2 சமநிலை. பத்து என்றவுடன் முகம் சுளிக்கிறோம். அந்தப் பத்தில் கடைசி ஆறும் 2001 இலும் அதற்குப் பின்னும் வந்தவை; 38 வயதுக்குப் பிறகும் போகமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு மனிதரின் தோல்விகள். மிஞ்சிய நான்கும் போவ், மைக்கல் மூரர், லெனொக்ஸ் லூயிஸ் ஆகியோரிடம். அவர்களில் மூரரையும் போவையும் அவர் திருப்பி வென்றார். டைசன் தோற்ற எவரையும் பின்னர் வென்றதில்லை. தரையில் விழுத்தப்பட்ட எந்தச் சண்டையையும் அவர் வென்றதுமில்லை. லூயிஸுடன் 1999 மார்ச்சில் ஹோலிஃபீல்டுக்குக் கிடைத்த சமநிலை மட்டும் ஒரு வெட்கக்கேடான தீர்ப்பு. அதை அவர் பக்கம் வைத்துப் பேசுவது நியாயமில்லை.

ஆகவே 1986 முதல் 1988 வரையான டைசன், ஹோலிஃபீல்டின் எந்த மூன்று வருடத்தையும்விடப் பயங்கரமானவர். முழு வாழ்வையும் எடுத்து, யாரை வென்றார் என்று கேட்டால் ஹோலிஃபீல்ட் முன்னே நிற்கிறார். அதில் எனக்குத் தயக்கமில்லை.

எதிராளியின் தரத்தைச் சண்டை நடந்த அன்றே எடைபோட்டு முடித்துவிடவும் முடியாது. 1991 இல் போர்மனைப் புள்ளிகளால் வென்றபோது, கிழவரைக்கூட விழுத்த முடியவில்லையே என்று ஹோலிஃபீல்டைக் கேலி செய்தார்கள். 1994 நவம்பரில் அந்தக் கிழவர் 45 வயதில் மூரரை நொக் அவுட் செய்து மீண்டும் சம்பியனானார். மூரரோ ஏழு மாதங்களுக்கு முன்தான் ஹோலிஃபீல்டிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர். டைசனுக்கும் இதே நீதி சேரவேண்டும். 1988 இல் அவர் வீழ்த்திய ஹோம்ஸைச் செத்த பாம்பு என்றார்கள். நான்கு வருடம் கழித்து, 42 வயதில், 1988 ஒலிம்பிக்கில் தங்கம் வென்று அதுவரை தோற்காதிருந்த ரே மேர்சரை அதே ஹோம்ஸ் பன்னிரண்டு சுற்றும் ஏமாற்றி வென்றார். 75 சண்டைகள் போட்ட ஹோம்ஸை நடுவர் நிறுத்த வேண்டி வந்தது ஒரே ஒரு தடவைதான். அதைச் செய்தவர் டைசன்.