"அதே மருந்துதான், கம்பனிதான் வேறை" என்றால் உடனே நம்பாதீர்கள்

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவி, துணுக்காய்ப் பக்கச் சனத்துக்காக இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பிறசர். முந்தி எனலாப்ரில் குடித்து வறட்டு இருமல் வந்ததால், டொக்டர் அதை நிறுத்தி லொசாட்டன் 50 மில்லிகிராம் எழுதினார். போன மாதம் கிளினிக்கில் அது முடிந்துவிட்டது, வெளியில் வாங்க மருந்துத் துண்டு தந்தார்கள். அம்மா தனியாகப் போய் ஏ9 வீதியோரப் பாமசி ஒன்றில் வாங்கினா. "அம்மா, இது அதே மருந்துதான், கம்பனிதான் வேறை" என்று ஒரு மாதத்துக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பில் இல்லை.

இரண்டாம் கிழமை இருமல் தொடங்கியது. "தூசு, பிள்ளை" என்றா. நானும் மல்லி அவித்துக் கொடுத்தேன். ஒரு இரவு நெஞ்சைப் பிடித்தபடி விடியும்வரை இருமினா. காலையில் குளிசைப் பையைக் கொட்டிப் பார்த்தேன். மட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டியிருந்தார்கள், ஒன்றிலும் முழுப்பெயர் இல்லை. மேசையில் பொருத்திப் பார்க்க, வெள்ளித்தாளில் எழுத்துகள் சேர்ந்தன. எனலாப்ரில்!

திரும்பப் போய்க் கேட்டேன். "இரண்டும் பிறசர் குளிசைதானே" என்றார் கடையில் நின்ற பெடியன். மருந்தாளர் இல்லை.

கம்பனி மாறுவது குற்றமில்லை. பொதுப்பெயர் (கம்பனி வைத்த பெயரில்லை, மருந்தின் சொந்தப் பெயர்), அளவு, வடிவம் மூன்றும் ஒன்றாக இருந்தால் விலை குறைந்ததை வாங்குவது நல்லதுதான். இலங்கையின் மருந்துக் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே பாடுபட்டதே அதற்குத்தான். துண்டில் பொதுப்பெயர் இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்துச் சட்டம் சொல்வதும் அதனால்தான். ஆனால் லொசாட்டனுக்கு எனலாப்ரில் கொடுப்பது கம்பனி மாற்றம் இல்லை, மருந்தையே மாற்றுவது. டொக்டரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. வலிப்புக் குளிசை, இரத்தம் உறையாமல் குடிக்கும் வாபரின் என்றால், கம்பனி மாறினாலும் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பெயரும் காலாவதித் திகதியும் தெரியும் மட்டையாகக் கேளுங்கள். பில் கேளுங்கள். கடையை விட்டு இறங்குமுன் துண்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வாசிக்க முடியாத அம்மா அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள், நான் அனுப்பினேன். சந்தேகம் வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

டொக்டர் பழையபடி லொசாட்டன் தந்திருக்கிறார். இருமல் முழுதாக அடங்கச் சில கிழமை எடுக்குமாம். வெட்டிய மட்டைத் துண்டுகளைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பிராந்திய சுகாதாரப் பணிமனையில் உணவு மருந்துப் பரிசோதகரிடம் கொடுக்கப் போகிறேன்.