எச்ஏஎல் மதிலருகே ஒரு ஹால் 9000

பெங்களூரில் எச்ஏஎல் என்று சொன்னால் விமானத் தொழிற்சாலையைத் தவிர வேறெதுவும் எவருக்கும் நினைவுக்கு வராது. அந்தத் தொழிற்சாலைக்குச் சற்றுத் தள்ளி முருகேஷ்பாளையாவில் குடியிருக்கும் நான், ஸ்டான்லி குப்ரிக் 1968இல் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் விண்கலத்தையே ஆளும் கணினியான ஹால் 9000இன் முகப்புப் பலகைக்கு நகல் விற்கிறார்கள் என்று தெரிந்ததும் வாங்கிவிட்டதற்கு, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் HAL என்ற அதே மூன்று எழுத்துகள்தான் என்னும் இந்தப் பெயர்ப் பொருத்தமும் ஒரு காரணம்தான். இந்திராநகரில் மாடியில் நடக்கும் ஒரு சிறு கடையில், ஜிஎஸ்டி சேர்த்து 11,800 ரூபாய் ஆயிற்று.

ஒன்றேகால் அடி உயரமுள்ள கறுப்பு அலுமினியத் தகட்டின் தலைப்பில் பெயர்ப்பட்டை, அடியில் ஸ்பீக்கருக்கான வலைத்தகடு, இரண்டுக்கும் இடையில் வெள்ளி வளையம் சூழ்ந்த கண் என அமைப்பு படத்தில் உள்ளபடியே இருக்கிறது. பட்டையில் ‘ஹால்’ என்னும் எழுத்துகள் நீலத்தின்மேலும் ‘9000’ கறுப்பின்மேலும் வர வேண்டும் என்பதைக்கூட மறக்கவில்லை.

கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். படத்தில் அந்தக் கண்ணாகப் பயன்பட்டது நிக்கான் நிறுவனத்தின் 8 மிமீ எஃப்/8 ஃபிஷ்ஐ லென்ஸ். 180 பாகைக் காட்சியை ஒரே வட்டத்துக்குள் அடக்க வேண்டியிருப்பதால் அதன் முன்கண்ணாடி குமிழ்போலப் புடைத்திருக்கும். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் நாயகன் லூக் ஏந்தும் ஒளிவாளின் கைப்பிடியும் கிராஃப்ளெக்ஸ் என்னும் பழைய பத்திரிகைக் கேமராவின் ஃபிளாஷ் பிடியிலிருந்து உருவானதுதான். இப்படி உண்மையான கண்ணாடியிலும் உலோகத்திலும் பிறந்த பொருள்களை பிளாஸ்டிக்கில் வார்த்தால் அவை பொம்மைகளாகிவிடுகின்றன. அதே கடையில் இருந்த ஒளிவாளைக் கையில் எடுத்ததுமே அந்த எடைக்குறைவு தெரிந்துவிட்டதால் திருப்பி வைத்துவிட்டேன். ஹாலின் கண்ணிலோ மெய்யான கண்ணாடிக் குமிழே பொருத்தப்பட்டிருக்கிறது. கண்ணுக்குள் எரியும் விளக்கை அணைத்துவிட்டு அருகே சென்று பார்த்தால், பால்கனிக் கதவும் அதில் காயும் வேட்டியும் மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் ஒரு ரூபாய் நாணயமளவு இடத்தில் வளைந்து கிடக்கின்றன. யாராவது நடந்தால் அந்த உருவம் விளிம்பில் மெலிந்து நடுவில் தடிக்கிறது. கொடுத்த விலை இதற்கே தகும் என்பேன்.

விளக்கைப் போட்டால்தான் குறை தெரிகிறது. படத்தில் நடுவே ஒரு மஞ்சள் புள்ளியும் அதைச் சுற்றி மங்கிக்கொண்டே போகும் சிவப்பும் இருக்கும். இதிலோ ஒற்றைச் சிவப்பு எல்இடி, சிக்னல் விளக்குபோல முழுக்கண்ணையும் நிரப்பிவிடுகிறது. முதல் நாள் இரவு அதைப் பார்த்த அம்மா, “என்னடா இது, வீட்டுக்குள்ளயே கேமரா வெச்சிருக்கியா?” என்று கேட்டதிலும் தவறில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது 5 வோல்ட்டுக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த வெறும் 150 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தார்கள். அதாவது எல்இடிக்கு ஏறக்குறைய 20 மில்லிஆம்பியர் போகிறது. எஸ்பி ரோட்டில் சில்லறைக்கு வாங்கிய 1,000 ஓம் ரெசிஸ்டரை அங்கே வைத்து, நடுவில் ஒரு சிறு மஞ்சள் எல்இடியையும் பற்றவைத்த பிறகே அது ஹாலாயிற்று. சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் இதை எப்படிச் செய்வார்கள் என்று தயாரித்தவர்கள் யோசித்திருக்கலாம்.

எனக்கு உண்மையில் மனக்குறை தந்தது குரல்தான். கனடாவின் மேடை நடிகரான டக்ளஸ் ரெய்ன் ஏற்ற இறக்கமின்றிப் பேசிய அந்த அமைதியான குரலில்தான் ஹால் நமக்குத் தரும் அச்சமே இருக்கிறது. படத்தின் அசல் குரல் என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். வந்ததோ ரயில் நிலைய அறிவிப்பு போன்ற ஒரு எந்திரக் குரல். பலகையின் அடிவிளிம்பிலுள்ள மோஷன் சென்சார் யார் கடந்தாலும் அதைப் பேசவைப்பதால், விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்சப் போகும் அம்மாவிடம், கதவைத் திறக்க மறுக்கும் அந்தப் புகழ்பெற்ற வசனத்தை ஒரு வாரம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. கடைக்குப் போய் முறையிட்டபோது, பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், எல்இடியையும் மாற்றிவிட்டீர்கள், எனவே திரும்பப் பெற இயலாது என்று மரியாதையாகவே மறுத்தார்கள். எல்இடி விஷயத்தில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, குரல் விஷயத்தில் இல்லை.

ஸ்பீக்கரின் சிவப்பு ஒயரை நானே துண்டித்துவிட்டேன். சுவரில் மாட்டுபவர்கள் அடாப்டர் ஒயர் ஒரு மீட்டர்கூட இல்லை என்பதை நினைவில் வைத்து, பிளக் பாயிண்டுக்கு அருகே இடம் பார்த்துக்கொள்ளவும்.