எல்க் வேட்டைக்கு ‘ரகசிய வழி’ விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பும் நம்மவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நானும் நண்பரும் இப்படி ‘ரகசிய வழி’ விற்ற ஒருவரிடம் 1,400 டாலர் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். அந்த ஆள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

அவர் தருவதாகச் சொன்னது மூன்று: வால்டன் ஊருக்கு மேற்கே ரௌட் தேசிய வனத்துக்குள் கூட்டமில்லாத ஒரு நுழைவழி, எல்க் நிற்கும் இடங்களைக் குறித்த வரைபடக் கோப்பு, மான் விழுந்தால் இறைச்சியை இறக்கிக் கொண்டுவரக் குதிரைகள். மூன்றுமே கைகொடுக்கவில்லை.

நுழைவழி என்று அவர் கோடு போட்டிருந்த மண் சாலை ஒரு தனியார் பண்ணைக் கேட்டில் போய் முட்டியது. சங்கிலி, பூட்டு. அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பண்ணை ஆள் ஒருவர் வந்தார். இது கவுண்டியின் (மாவட்டத்தின்) பொதுச் சாலை இல்லை, பண்ணைச் சாலை, இந்த சீசனில் இதே கோப்போடு வேறு சிலரும் வந்து திரும்பிப் போனார்கள் என்று மரியாதையாகவே சொன்னார். கொலராடோவில் பலகை இல்லை, வேலி இல்லை என்பதெல்லாம் சாக்கு ஆகாது. தனியார் நிலத்தில் வேட்டைக்குக் கால் வைக்குமுன் அனுமதி வாங்குவது வேட்டைக்காரர் பொறுப்பு.

விற்றவரை அழைத்தால், “மூலை வழியாகத் தாண்டலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, தைரியமாகப் போங்கள்” என்றார். இதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். வயோமிங் வழக்கில் 2025 மார்ச்சில் வந்த அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, சதுரங்கக் கட்டம்போலப் பொது நிலமும் தனியார் நிலமும் மாறி மாறிக் கிடக்கும் இடத்தைப் பற்றியது. இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையில் தொடும் இடத்தில், தனியார் மண்ணை மிதிக்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் எடுத்து வைக்கலாம் என்பதே அதன் சாரம். பண்ணைச் சாலையில் வண்டி ஓட்டிப் போக அது யாருக்கும் உரிமை தரவில்லை. அவர் பேச்சை நம்பிப் போயிருந்தால் வழக்கும் அபராதமும் எங்கள் தலையில் விழுந்திருக்கும், வேட்டை உரிமமும் பறிபோயிருக்கலாம். மேற்கு மாநிலங்களில் இப்படிச் சட்டப்படி வழியே இல்லாமல் தனியார் நிலம் சூழ்ந்து கிடக்கும் மத்திய அரசு நிலம் மட்டும் 95 லட்சம் ஏக்கருக்கு மேல் என்று 2018இல் ஒரு கணக்கு வந்தது. வரைபடத்தில் பொது நிலம் என்று பச்சையாகத் தெரிவதெல்லாம் போய்ச் சேரக்கூடிய இடம் இல்லை.

சரி, பொது வழியாகவே சுற்றிப் போவோம் என்று ரௌட் வனத்துக்குள் இருக்கும் மவுண்ட் சர்க்கல் வனப்பகுதி (wilderness, வாகனங்களுக்குத் தடையுள்ள காப்பிடம்) பக்கமாக நடந்தோம். விற்றவர் எல்க் படுத்து ஓய்வெடுக்கும் ‘படுக்கை இடம்’ என்று குறித்தது, வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப் பார்த்தால் லேசான சரிவு. நேரில் போனால் விழுந்த மரக்காடு. 1997 அக்டோபர் 25 அன்று மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த கிழக்குக் காற்று இந்த மலைத்தொடரில் சுமார் 20,000 ஏக்கர் காட்டைச் சாய்த்தது. அப்புறம் பட்டை வண்டுகள் வந்து, நின்ற மரங்களிலும் பெரும்பங்கைக் கொன்றன. அவையும் விழுந்துகொண்டே இருக்கின்றன. இடுப்பு உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டைகள். பட்டை உரிந்து வழவழப்பான மரத்தில் பனி படிந்திருக்கும், காலை வைத்தால் வழுக்கும். ஒடிந்த கிளைகளின் அடிக்கட்டை ஆணியாக நீட்டிக்கொண்டு பேண்ட்டைக் கிழிக்கும். அரை மைல் தாண்ட அரை நாள் போய்விட்டது. அங்கே எல்க் ஒதுங்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே சுட்டால் இறைச்சியை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

நண்பர் அதன் ஓரத்தில் ஒரு ஆண் எல்க்கை வீழ்த்தினார். எலும்பு நீக்கினாலும் ஏறக்குறைய 90 கிலோ இறைச்சி. சாட்டிலைட் கருவியில் விற்றவரிடம் குதிரை கேட்டோம். முதலில் நாளை என்றார், பிறகு பதிலே இல்லை. அந்த வனப்பகுதிக்குள் சக்கரம் வைத்த கைவண்டிக்கும் தடை. உண்ணத்தக்க இறைச்சியை விட்டுவிட்டு வருவது சட்டப்படியும் குற்றம், மனசும் இடம் தராது. முதுகில் சுமந்து சுமந்து இறக்கினோம். இரவுக் குளிர்தான் இறைச்சியைக் காப்பாற்றியது.

ஊருக்கு வந்து விசாரித்தபோது, அவர் பெயர் மாநில ஒழுங்குமுறைத் துறையான டோராவின் வேட்டை ஏற்பாட்டாளர் (outfitter) பதிவேட்டில் இல்லை. தேசிய வனத்தில் கூலிக்குக் குதிரை ஓட்ட வேண்டிய வனத்துறை அனுமதியும் இல்லை. பதிவு இருக்கிறதா என்று டோராவின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். பதிவு பெற்றவர் எழுத்தில் ஒப்பந்தம் தருவார். வாட்ஸ்அப் செய்தி ஒப்பந்தம் ஆகாது. எந்தச் சாலையில் எந்தத் தேதி வரை வண்டி போகலாம் என்பதற்கு வனத்துறையின் மோட்டார் வாகன வரைபடம் இருக்கிறது, அதுவும் இலவசம். தனியார் நிலத்தைக் கடக்கும் சாலை என்றால் வால்டனில் உள்ள வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து பொது உரிமை உண்டா என்று கேளுங்கள், பொறுமையாகச் சொல்கிறார்கள். சாட்டிலைட் படத்தை நன்றாகப் பெரிதாக்கினால் விழுந்த மரங்கள் சாம்பல் நிறக் கீறல்களாகத் தெரியும். அந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பணம் இதுவரை திரும்பவில்லை. டோராவில் புகார் கொடுத்திருக்கிறோம், வரைபடக் கோப்பும் பேசிய செய்திகளும் அதோடு இணைத்திருக்கிறோம். இதே ஆளிடம் பணம் கட்டியவர் யாராவது இருந்தால் ரசீதையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.