ப்ளூஸ்கிரீன்வியூ: ஃபார்மட் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் திடீரென நீலத்திரை காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் எதனால் விழுந்தது என்று காட்டும் ப்ளூஸ்கிரீன்வியூவை நிர்சாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். இலவசம், இன்ஸ்டால் செய்யவும் தேவையில்லை, ஜிப்பைப் பிரித்துத் திறந்தால் போதும். நிர் சோஃபர் என்பவர் எழுதி வைத்திருக்கும் ஏகப்பட்ட சின்னச் சின்னக் கருவிகளில் இதுவும் ஒன்று. பார்க்கப் பழைய விண்டோஸ் காலத்து மென்பொருள் மாதிரிதான் இருக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் தங்கையின் லேப்டாப்பில்தான் இதன் அருமை எனக்குத் தெரிந்தது. ஹெட்போனைச் செருகியபடியே மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்தால் நீலத்திரை வரும், ஆன்லைன் வகுப்பு நடுவிலும் வரும், சில நாள் ஒன்றுமே வராது. சர்வீஸ் கடையில் பார்த்ததும் ரேம் போயிருக்கும், இல்லையென்றால் ஃபார்மட் போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றணும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது, ஏனென்றால் ஒவ்வொரு தடவை விழும்போதும் என்ன நடந்தது என்று விண்டோஸே எழுதி வைக்கிறது, அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நீலத்திரை வரும் நேரத்தில் எந்தெந்த டிரைவர் (ஒலி, கிராபிக்ஸ் போன்ற பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தது, எந்த எண்ணுள்ள பிழை என்பதெல்லாம் ஒரு குட்டி ஃபைலாக அங்கே விழும். ப்ளூஸ்கிரீன்வியூ செய்வது அந்த ஃபைல்களைப் படித்துக் காட்டுவது, அவ்வளவுதான். மேலே ஒவ்வொரு கிராஷும் தேதி, நேரத்தோடு ஒரு வரியாக வரும், அதைத் தொட்டால் கீழே டிரைவர்களின் பட்டியல் வரும், அதில் விழுந்த நேரத்து ஸ்டாக்கில் (அப்போது நடந்துகொண்டிருந்த வேலைகளின் வரிசையில்) அகப்பட்டவை மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். தங்கையின் லேப்டாப்பில் எல்லா வரியிலும் அதே டி1 என்ற எண்ணுள்ள பிழைதான், இளஞ்சிவப்பில் திரும்பத் திரும்ப ஒரே ஆடியோ டிரைவர், பக்கத்தில் விண்டோஸின் சொந்த ஆடியோ ஃபைலான போர்ட்சிஎல்எஸ். ரேமில் கோளாறு என்றால் பெரும்பாலும் இப்படி ஒரே ஆள் மாட்டமாட்டார், ஒரு நாள் கிராபிக்ஸ், ஒரு நாள் நெட்வொர்க் என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பெயர் வரிசையாக வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாட்டுக் கேட்கிற டிரைவர் எப்படி மொத்தக் கம்ப்யூட்டரையும் சாய்க்கும் என்று பலர் கேட்கிறார்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஒலியைக் கலந்து அனுப்பும் வேலையை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், ஆனால் ஆடியோ சிப்போடு நேரடியாகப் பேசும் டிரைவர் இன்னமும் கெர்னலுக்குள்தான் ஓடுகிறது. அங்கே அது தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டுவிட்டால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிட்டுத் தொடர முடியாது, மொத்தத்தையும் நிறுத்தியாக வேண்டும். டி1 என்பது பெரும்பாலும் அந்த மாதிரித் தப்புதான். ஸ்லீப்பிலிருந்து எழும்போது சிப்புக்கு மறுபடி மின்சாரம் போய் எல்லாம் புதிதாகத் தயாராக வேண்டும், ஹெட்போன் செருகும்போது ஒலி போகும் பாதை மாற வேண்டும், அரைகுறையாக எழுதப்பட்ட டிரைவர் இந்த மாதிரி நேரத்தில்தான் தடுமாறும்.

குறை இல்லாமல் இல்லை. நிறைய கிராஷில் இது என்டிஓஎஸ்கேஆர்என்எல் என்ற ஃபைலைக் குற்றவாளியாகக் காட்டும். அது விண்டோஸின் கெர்னல், பிழையைக் கண்டுபிடித்து நிறுத்தியது அது, கிட்டத்தட்ட புகார் கொடுத்தவரையே உள்ளே தள்ளுவது மாதிரி. காரணம் என்று போட்டிருக்கும் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு விண்டோஸ் ஃபைல் கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டக் கூடாது, கீழே இளஞ்சிவப்பில் மைக்ரோசாஃப்ட் அல்லாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். அதிலும் தெளியவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட்டின் விண்டிபிஜி இருக்கிறது, அதுவும் இலவசம், ஸ்டோரிலேயே கிடைக்கும், அனலைஸ் கட்டளை கொடுத்தால் ஆழமாகப் போய்ச் சொல்லும். ஆனால் பக்கம் பக்கமாகக் கொட்டும், பழக்கமில்லாதவர்களுக்கு மிரட்சியாக இருக்கும்.

இன்னொரு விஷயம், மினிடம்ப் ஃபோல்டர் காலியாக இருந்தால் இந்த மென்பொருளும் வெறுமையாகத்தான் திறக்கும். டிஸ்க் க்ளீனப் ஓட்டினால் அந்த ஃபைல்களும் சேர்ந்து போய்விடலாம், இடம் மிச்சம் செய்கிறேன் என்று ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் பேஜ் ஃபைலை நிறுத்தி வைத்திருந்தாலும் பதிவாகாமல் போகும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரிக்குப் போய் ஸ்மால் மெமரி டம்ப் என்று வைத்துவிட்டு அடுத்த கிராஷ் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். 2025-இல் விண்டோஸ் 11-இல் நீலத்திரையைக் கருப்பாக்கிவிட்டார்கள், அதனால் கருப்பாக வந்தாலும் இதே வழிதான்.

சரி, டிரைவர் பெயர் தெரிந்துவிட்டது, அப்புறம்? டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரம் வரும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள், உங்கள் மாடலுக்குச் சம்பந்தமில்லாத டிரைவரை அவை ஏற்றிவிடக்கூடும். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அங்கிருக்கும் ஆடியோ டிரைவரை எடுங்கள். டிவைஸ் மேனேஜரில் பழையதை நீக்கும்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் வரும், அதை டிக் செய்யாமல் விட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் அதே பழைய டிரைவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். தங்கைக்கு நான் செய்தது முதலில் விண்டோஸின் சொந்த ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் டிரைவருக்கு மாற்றியதுதான். நீலத்திரை நின்றது, ஒலியில் அந்த கம்பெனி ஈக்வலைசர் மட்டும் போனது. பிறகு தயாரிப்பாளரின் புது டிரைவரைப் போட்டதும் அதுவும் திரும்பிவிட்டது. எல்லா லேப்டாப்பிலும் இந்த மாற்று வேலை செய்யாது, மைக் தனி சிப் வழியாகப் போகும் மாடல்களில் மைக் வேலை செய்யாமல் போகலாம், வகுப்புக்கு முந்தின நாள் செய்து பார்க்காதீர்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2021 நவம்பரில், விண்டோஸ் 11 வந்த அடுத்த மாதமே, 11ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டர்களில் இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி டிரைவரின் 10.29.0.5152, 10.30.0.5152 ஆகிய பதிப்புகள் இருந்தால் நீலத்திரை வரலாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லி, அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸ் 11 அப்டேட்டையே நிறுத்தி வைத்தது. கடைசி எண் 5714-ஆக உள்ள பதிப்பிலும் அதற்கு மேலும்தான் சரி செய்யப்பட்டது. இதில் ஒரு சிக்கல், 10.30 என்பதைப் பார்த்து 10.29-ஐவிடப் புதுசு என்று நினைக்கக் கூடாது, கடைசி நான்கு இலக்கங்களைத்தான் பார்க்க வேண்டும். அந்த டிரைவரும் டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் பகுதியில் இருக்காது, சிஸ்டம் டிவைசஸ் பகுதியில் ஒளிந்திருக்கும்.

எச்டிஎம்ஐ வழியாக டிவியில் ஒலி கேட்பவர்கள் கிராபிக்ஸ் கார்டோடு வரும் ஆடியோ டிரைவரையும், குரல் மாற்றும் செயலி போட்டவர்கள் அது ஏற்றிய போலி மைக் டிரைவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலி கரகரக்கிறது, விட்டுவிட்டு வருகிறது, ஆனால் கம்ப்யூட்டர் விழவில்லை என்றால் ப்ளூஸ்கிரீன்வியூ உதவாது, அதற்கு லேட்டன்சிமான் என்ற வேறு கருவியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் விண்டோஸுக்குள்ளேயே போகவில்லை என்றாலும் கவலை வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, ப்ளூஸ்கிரீன்வியூவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அந்த மினிடம்ப் ஃபோல்டரைக் காட்டினால் அங்கிருந்தே படித்துவிடும்.