பாட்டிலை ஊற்றிவிட்டு ‘இன்ஜெக்டர் சர்வீஸ்’ என்று பில்: வேலூர் பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் டீசல் கார் ஓட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டேங்கில் ஆடிடிவ் (டீசலில் கலக்கும் ரசாயன திரவம்) பாட்டிலை ஊற்றிவிட்டு, இன்ஜெக்டரை (டீசலை இன்ஜினுக்குள் தெளிக்கும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்ததாகப் பணம் வாங்கும் வேலை நடக்கிறது. காசு போவதைவிடப் பெரிய நஷ்டம், அந்த பாட்டிலே இன்ஜெக்டரைக் காலி செய்துவிடுவது.

காட்பாடி பக்கம் ஒருவருடைய கார். 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை), பிஎஸ்4 மாசு விதிப்படி வந்தது. காலையில் செல்ஃப் அடித்தால் நாலைந்து சுற்று அதிகம் சுற்றித்தான் எடுக்கிறது, மேம்பாலம் ஏறினால் பிக்கப் இல்லை, மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று வந்து வந்து போகிறது. வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டார். “இன்ஜெக்டர் எல்லாம் அடைச்சிக்கிச்சு சார். கயட்ட வேணாம், லிக்விட் ஊத்தினாலே கிளீன் ஆயிடும்” என்று சொல்லி இரண்டு பாட்டில் ஊற்றினார்கள். பில்லில் எழுதியிருந்தது ‘இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பன் (கரி நீக்கம்)’. ஆறாயிரத்துச் சொச்சம். விளக்கு அணைந்துவிட்டது, அவரும் சரியாகிவிட்டது என்று எடுத்துப் போய்விட்டார். சில வாரத்தில் டக் டக் என்று சத்தம், ஐடிலில் வெள்ளைப் புகை, கடைசியில் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. டீசல் பம்ப் கடையில் திறந்து பார்த்தபோது இரண்டு இன்ஜெக்டர் போயிருந்தது. இன்ஜெக்டர் கிளாம்ப் போல்ட்டின் தலையில் பல வருட அழுக்கு அப்படியே ஒட்டியிருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அதாவது ‘கிளீனிங்’ என்று பில் போட்டவர்கள் இன்ஜெக்டரைத் தொடவே இல்லை.

அந்த மஞ்சள் விளக்கு, டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று சொல்லும் விளக்கு. தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் ஃபில்டரின் அடியில் தங்கும். அங்கே இருக்கும் சென்சாரின் இரண்டு முனைகளையும் தண்ணீர் தொட்டதும் மின்சாரம் பாயும், விளக்கு எரியும். டீசல் மின்சாரத்தைக் கடத்தாது. இப்போது அந்த பாட்டிலில் என்ன இருந்தது என்று பாருங்கள். ‘வாட்டர் ரிமூவர்’ என்று விற்கும் பல பாட்டில்களில் இருப்பது ஆல்கஹால் வகை அல்லது எமல்சிஃபையர். அது தண்ணீரை வெளியேற்றுவதில்லை. பொடிப் பொடித் துளிகளாக உடைத்து டீசலோடு கலந்துவிடுகிறது. அடியில் தண்ணீர் தேங்காததால் சென்சாருக்குத் தெரியவில்லை, விளக்கு அணைந்தது. தண்ணீரோ ஃபில்டரைத் தாண்டி நேராக ஹை பிரஷர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விட்டது.

காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம் 1600 பார் (ஒரு பார் என்பது சுமார் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வரை போகும். புது வண்டிகளில் 2000 பார்கூட உண்டு. இன்ஜெக்டருக்குள் வால்வுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளிதான். டீசலைத் தெளிக்கும் நுனியான நாசிலின் ஓட்டை ஒவ்வொன்றும் சுமார் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர். இந்த இடத்துக்கெல்லாம் ஆயில் தனியாக வராது, டீசலேதான் மசகு. அதில் தண்ணீர் புகுந்தால் மசகுப் படலம் உடைந்து இரும்பும் இரும்பும் தேயும், துரு பிடிக்கும். நாசில் நுனியின் சூட்டில் தண்ணீர் ஆவியாகி நுனியையே அரிக்கும். தேய்ந்த இன்ஜெக்டரில் டீசல் சிலிண்டருக்குப் போகாமல் ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்பி ஓடும். வண்டி ஸ்டார்ட் ஆகவே ரெயிலில் சுமார் 200 பார் வேண்டும். ரிட்டர்ன் அதிகமானால் செல்ஃப் சுற்றும் வேகத்தில் அந்த அழுத்தம் ஏறாது. புது இன்ஜெக்டர் ஒன்றே பத்தாயிரத்துக்கு மேல். பம்ப் தேய்ந்து இரும்புத்தூள் விட்டிருந்தால் பம்ப், ரெயில், நாலு இன்ஜெக்டர், டேங்க் கழுவுவது வரை போகும். இந்த வண்டியில் பம்ப் தப்பித்தது.

முதல் நாள் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபில்டருக்கு அடியில் பாத்திரம் வைத்து, டிரெயின் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்று தளர்த்த வேண்டும். 100 மில்லி போல இறங்க விட்டு, சுத்தமான டீசல் வந்ததும் மூட வேண்டும். பிறகு ஹேண்ட் பிரைமரை (ஃபில்டர் பக்கம் இருக்கும் கைப் பம்ப்) இறுகும் வரை அமுக்கி, பைப்பில் புகுந்த ஏரை எடுக்க வேண்டும். டேங்கில் எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியில் சாவியை மூன்று நாலு முறை ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் சில விநாடி விட்டால் போதும். இறக்கியதைக் கண்ணாடி ஜாரில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் நின்றால் விஷயம் எளிது. ஃபில்டரை மாற்றிவிட்டு, டேங்கிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டீசல் முழுக்கக் கலங்கி மோர் போலத் தெரிந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலந்துவிட்டது. டேங்கை முழுதாக இறக்கும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழுப்பு நிறத்தில் வழவழப்பாக ஏதாவது வந்தால் அது தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்ப் படலம். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஃபில்டர் மட்டும் மாற்றினால் திரும்பவும் அடைக்கும். இத்தனைக்கும் ஃபில்டர் விலையும் கூலியும் சேர்த்தே அந்த பில்லில் பாதி ஆகியிருக்காது.

ஆடிடிவ் எல்லாமே ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. எந்த வேலைக்கு எது என்று தெரியாமல் ஊற்றுவதுதான் தவறு. டிடர்ஜென்ட் வகை நாசில் ஓட்டையைச் சுற்றிப் படிந்த கரியை மெல்ல மெல்ல இளக்கும். உண்மையில் பயன் தெரிவது இதில்தான். சீட்டேன் இம்ப்ரூவர் பெரும்பாலும் 2-எத்தில்ஹெக்சைல் நைட்ரேட். டீசல் சீக்கிரம் பற்ற உதவும். ஆனால் பிஎஸ்6 டீசலில் சீட்டேன் எண் (எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதன் அளவு) குறைந்தது 51 இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் நல்ல டீசல் போடும் வண்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. மசகுக்கான ஆடிடிவும் அப்படித்தான். 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கந்தகத்துக்கு இறக்கிய டீசலில் இயல்பான மசகு குறைவு என்பது உண்மை, அதை ரிஃபைனரியிலேயே சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். டீசல் உறையாமல் இருக்கும் ‘ஆன்டி ஜெல்’ லடாக்குக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியது. மே மாதம் நாற்பது டிகிரி தாண்டும் வேலூரில் அதை விற்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

மைலேஜ் 20 சதவீதம் கூடும் என்கிற பேச்சை நம்பவே வேண்டாம். நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினில் உள்ளே போகும் எரிபொருளில் சுமார் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. மிச்சம் இரண்டு சதவீதத்தை வைத்து இருபது சதவீதம் எப்படிக் கூடும்? மைலேஜ் விழுந்திருந்தால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிடித்துக்கொண்டு நிற்கும் பிரேக், டர்போ ஹோஸில் கசிவு, இவற்றை முதலில் பாருங்கள்.

டேங்கில் ஊற்றி இஜிஆர் வால்வையும் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு) இன்டேக்கையும் (காற்று உள்ளே போகும் பாதை) சுத்தம் செய்வதாகச் சொன்னால் அது பொய். டீசல் நேராக சிலிண்டருக்குள்தான் தெளிக்கப்படுகிறது. இன்டேக் பாதை வழியாகப் போவதே இல்லை. அங்கே படிவது புகைக்கரியும் ஆயில் ஆவியும். கழற்றித்தான் துடைக்க வேண்டும். தேய்ந்த இன்ஜெக்டரையும் எந்த பாட்டிலும் பழையபடி ஆக்காது.

உண்மையான இன்ஜெக்டர் சர்வீஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் யாரும் உங்களை ஏய்க்க முடியாது. முதலில் வண்டியிலேயே ரிட்டர்ன் டெஸ்ட்: நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் டியூப் மாட்டி நாலு பாட்டிலில் விட்டு இன்ஜினை ஐடிலில் ஓட்டுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட மளமளவென்று நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. பிறகு கழற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஐடில், பாதி லோடு, முழு லோடு என்று ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி தெளிக்கிறது, எத்தனை மில்லி திரும்புகிறது என்று அளப்பார்கள். சுத்தம் செய்வதற்கு முன் ஒரு ரிப்போர்ட், பின் ஒரு ரிப்போர்ட். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். திரும்ப மாட்டும்போது இன்ஜெக்டர் அடியில் உள்ள காப்பர் வாஷர் கட்டாயம் புதுசு போட வேண்டும், பழைய வாஷரை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். பழைய வாஷரையே போட்டால் கம்ப்ரஷன் கசிந்து இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புத் தார் மாதிரி கட்டிக்கொள்ளும், அடுத்த முறை கழற்றவே வராது. பல கார்களில் இன்ஜெக்டர் மேலேயே ஒரு குறியீட்டு எண் இருக்கும். இன்ஜெக்டரை மாற்றினாலோ ஒரு சிலிண்டரில் இருந்ததை வேறு சிலிண்டரில் மாட்டினாலோ ஸ்கேனர் வைத்து அந்த எண்ணை இசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஐடில் நடுங்கும்.

பங்க்கிலும் கவனம் வேண்டும். டீசல் போடும்போது ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து “அண்ணா, இந்த பாக்கெட் போட்டுக்கோங்க, நல்லா இழுக்கும்” என்று பேச்சுக் கொடுப்பார். அந்த நேரத்தில் மீட்டர் பூஜ்யத்துக்கு வராமலே நாசில் உள்ளே போய்விடும். இறங்கி நின்று மீட்டரைப் பாருங்கள். அளவில் சந்தேகமா, முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. தரத்தில் சந்தேகம் என்றால் டென்சிட்டி (அடர்த்தி) பார்க்கக் கேளுங்கள். 15 டிகிரிக்குத் திருத்திய டென்சிட்டி, லோடு வந்தபோது பதிவானதிலிருந்து கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் மாறக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்தால் டென்சிட்டி இறங்கும், மசகும் போகும். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும் பங்க்கில் அந்த நேரம் போடாதீர்கள், அடியில் இருக்கும் வண்டலும் தண்ணீரும் கலங்கியிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் இது இன்னும் முக்கியம்.

நல்ல டிடர்ஜென்ட் ஆடிடிவைத்தான் போடப் போகிறீர்கள் என்றால், முதலில் கார் கையேட்டைப் பாருங்கள். சேர்க்கவே வேண்டாம் என்று சில கம்பெனிகள் எழுதியிருக்கின்றன, வாரன்டி உள்ள வண்டியில் அது வம்பு. அளவு பாட்டிலில் போட்டபடியே. 1:1000 என்றால் 40 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி. இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்பாகச் சுத்தமாகாது. டேங்கில் இருக்கும் பழைய வண்டலைக் கிளப்பி ஃபில்டரைத்தான் அடைக்கும். கால் டேங்க் இருக்கும்போது ஊற்றி, அதன் மேல் டீசல் நிரப்பினால் தானாகக் கலந்துகொள்ளும். பிறகு ஊருக்குள் சிஎம்சி பக்கம் நெரிசலில் உருட்டாமல் கிரீன் சர்க்கிளிலிருந்து ஆம்பூர் வரை ஒரே சீராக ஓட்டுங்கள். நாசில் நன்றாகச் சூடானால்தான் அது வேலை செய்யும். அந்த டேங்க் தீர்ந்ததும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

பிஎஸ்6 வண்டிக்காரர்கள் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டிபிஎஃப்பில் (சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சேரும் கரி 600 டிகிரி சூட்டில் எரிந்துவிடும், சாம்பல் எரியாது. டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது, உலோகம் கலந்த ஆடிடிவ் ஊற்றுவது எல்லாம் சாம்பலாகி அங்கேயே தங்கும்.

ஏமாந்துவிட்டவர்களுக்கு: பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, எம்ஆர்பி, தயாரித்த மாதம், புகார் எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் அதுவே தனிப் புகார், எடையளவுத் துறைக்குப் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டாவது கடையில் வேலை தொடங்குவதற்கு முன்பே கழற்றாத போல்ட், ஃபில்டர், ரிட்டர்ன் பாட்டில்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து, என்ன பார்த்தார்கள் என்று கடை லெட்டர் பேடில் எழுதி வாங்குங்கள். ஃபில்டரிலிருந்து இறக்கிய டீசலை இரண்டு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, மூடியை டேப் சுற்றி, தேதியும் வண்டி எண்ணும் எழுதி, மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒன்று சோதனைக்கு, ஒன்று உங்களிடம்.