குய்சனேர் கட்டைகள்: 74 துண்டுப் பெட்டி போதுமா?

இந்த வண்ணக் கட்டைகள் பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குய்சனேர் உருவாக்கியவை. 1 செ.மீ. வெள்ளை முதல் 10 செ.மீ. ஆரஞ்சு வரை பத்து நீளம், பத்து நிறம். வீட்டில் கணக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது.

பெட்டி வந்ததும் ஓர் ஆரஞ்சுக் கட்டையின் அருகே பத்து வெள்ளைகளை நெருக்கி அடுக்கிப் பாருங்கள். முனை துருத்தினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பெயின்ட் தடிப்பாக அடித்த மலிவு மரக்கட்டைகளில் இந்தக் குறை வரும். ஏழும் மூன்றும் பத்து என்று நாம் சொல்ல, குழந்தையின் கண் இல்லை என்று சொல்லும். கோடு போட்ட கட்டைகளும் வேண்டாம். நீளத்தைப் பார்க்காமல் கோட்டை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

கூட்டலுக்கு ஆரஞ்சை மேலே வைத்து, அதே நீளத்துக்கு இரண்டிரண்டு கட்டைகளாகக் கீழே அடுக்கச் சொல்லுங்கள். நீலமும் வெள்ளையும் (9+1), காபி நிறமும் சிவப்பும் (8+2), கறுப்பும் இளம்பச்சையும் (7+3)... பத்தின் ஜோடிகள் படிக்கட்டாக இறங்குவதைக் குழந்தையே கண்டுபிடிக்கும். பின்னத்துக்குக் காபி நிறக் கட்டைதான் அருமை: அதை ஒன்று என்று வைத்தால் ஊதா (4) அரை, சிவப்பு கால், வெள்ளை அரைக்கால். "சிவப்புன்னா ரெண்டு" என்று மட்டும் ஒப்பிக்கவிடாதீர்கள். ஆரஞ்சு ஒன்றானால் சிவப்பு 1/5.

பெருக்கலில்தான் பெட்டி திணறுகிறது. வழக்கமான 74 துண்டில் கறுப்பு (7) நான்கே நான்கு. ஏழாம் வாய்ப்பாடு 28-ஓடு நின்றுவிடும். வாய்ப்பாடு படிக்கும் பிள்ளைக்கு இரண்டு பெட்டி வாங்குங்கள். வீட்டில் 3 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் வெள்ளைக் கட்டைகள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.